என் பங்குத் தீர்த்தம்

கழுத்தில் கட்டி வந்தால் எங்கள் கரமனை அக்ரஹாரத்தில் யாரும் முதலில் டாக்டரிடம் போகச் சொல்லமாட்டார்கள். பொன்னுக்கு வீங்கி என்பார்கள், தங்கச் சங்கிலி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். நாற்பதைத் தொடப்போகிறவளுக்கு, அதுவும் ஒரே பக்கம், துளி வலி இல்லாமல், பொன்னுக்கு வீங்கியாவது மண்ணாவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கல்யாணத்துக்குப் போட்ட கனத்த சங்கிலியை மாட்டிக்கொண்டு சில வாரம் வேலைக்குப் போனேன். டாக்டரிடம் போனால் என்ன சொல்வார் என்று எனக்கு ஒரு ஊகம் இருந்தது. அந்த ஊகம் பொய்யாகப் போகட்டும் என்றுதான் சங்கிலி.

குணமான பிறகு எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் கதை கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. பாதி பேர் நான் சொன்னதைத் தப்பாக வேறு பரப்புகிறார்கள். மான் கடித்து எனக்கு டிபி வந்தது என்று ஒரு மாமி பக்கத்து வலியசாலை அக்ரஹாரம் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்ப்பது விலங்கு நோய்களைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில். மைக்ராஸ்கோப்பும் சாயப் புட்டிகளும்தான் என் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில், நெடுமங்காட்டுக்கு அப்பால் காட்டோரத்தில் ஒரு மான் காப்பகத்தில் மான்கள் இளைத்து இளைத்துச் சாக ஆரம்பித்தன. தாயைப் பிரிந்த குட்டிகளையும் அடிபட்ட மான்களையும் வேலிக்குள் வைத்து வளர்க்கிற இடம் அது. செத்த மானை எங்கள் கால்நடை டாக்டர் அறுத்துப் பார்த்தபோது நுரையீரலிலும் கழுத்திலும் கெட்டித் தயிரை அடைத்து வைத்தது போலக் கட்டிகள். அதிலிருந்து ஒரு பொட்டு எடுத்துச் சாயமேற்றிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தவள் நான். நீலத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். டிபி.

மனிதனுக்கு வருகிற டிபி கிருமிக்கு ஒரு பங்காளி உண்டு. மாட்டு டிபி என்பார்கள். பெயர்தான் மாட்டுக்கு, அது மானையும் விடாது, காட்டுமாட்டையும் விடாது, மனிதனையும் விடாது. ஒரே கொட்டிலில் மூச்சு விட்டாலே மாட்டிலிருந்து மாட்டுக்குப் போகும். மனிதனுக்கு வருவது பெரும்பாலும் காய்ச்சாத பால் வழியாக. வீட்டு மாடு என்றால் கட்டிவைத்து ஊசி குத்திப் பார்த்துவிடலாம். காட்டுக்குள் பரவிவிட்டால் எந்த மானைப் பிடித்து எங்கே ஊசி குத்துவது? அதுதான் எங்கள் பயம். ஆகவே காப்பகத்தைச் சுற்றி இருந்த வீடுகளுக்கெல்லாம் போய் விசாரித்தோம். உங்கள் மாடு மானோடு சேர்ந்து மேய்கிறதா, இருமுகிறதா, பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள். மேய்வதில்லை என்றார்கள். பின்னே காய்ச்சாமலா என்றும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு வந்தோம்.

இந்த வேலை என் கணவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அவர் பாங்கில் இருக்கிறார். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். ரூபாய் நோட்டைத் தொட்ட கையோடு வீட்டுக் கதவைத் தொடமாட்டார், கொல்லை வழியாகப் போய்க் குழாயடியில் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். கொல்லையில் கௌரி என்று ஒரு பசு. ஆள் வைத்துக் கறந்தால் கை எப்படி இருக்குமோ என்று குளித்துவிட்டு ஈரத்துண்டோடு அவரே கறப்பார். பூஜைக்கு எடுத்தது போக மீதி அடுப்புக்கு வரும். பால் இரண்டு தரம் பொங்கினால்தான் இறக்க விடுவார். ஒரு தரம் பொங்கியதும் நான் இறக்கிவிட்டேன் என்று ஒரு நாள் காப்பியே குடிக்காமல் பாங்குக்குப் போன மனுஷர். இப்படிப்பட்டவர் வீட்டில் செத்த மானின் கட்டியை நோண்டிவிட்டு வருகிற பெண்டாட்டி. நான் ஆய்வுக்கூடத்திலேயே குளித்துவிட்டு வந்தாலும் மூக்கைச் சுளிப்பார்.

எங்களுக்கு வித்யா என்று ஒரே பெண். அப்போது ஏழு வயது.

சங்கிலிக்கும் கட்டி மசியவில்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் காலையில் உட்கார்ந்தால் சூரியன் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குப் போகிற வரைக்கும் உட்கார வேண்டும். என்னைப் பார்த்தது ஒரு மலையாளி லேடி டாக்டர். கட்டியில் மெல்லிய ஊசியைச் செருகி உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்தார். நான் அதுவரை எத்தனையோ கட்டியிலிருந்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் என் கழுத்திலிருந்து வந்ததில்லை. அந்தக் கண்ணாடிச் சில்லை என் கையில் கொடுத்தால் நானே பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கத் தைரியம் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

டிபிதான். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, நோய் கழுத்து நெறிகளில் மட்டும். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சாத பால் குடிக்கும் வழக்கம் உண்டா என்று அடுத்து கேட்டார். எனக்குக் கொஞ்சம் ரோஷமே வந்தது. நான் ஊர் ஊராகப் போய்க் கேட்கிற கேள்வியை என்னிடமே கேட்கிறாரே என்று. எங்கள் வீட்டில் இரண்டு தரம் பொங்காத பால் யார் வாயிலும் படாது என்று அழுத்தமாகச் சொன்னேன். அப்படியானால் மான்தான் என்றார். கட்டியிலிருந்து எடுத்ததில் கொஞ்சத்தைக் கிருமி வளர்க்கப் போட்டார். மாட்டுக் கிருமி வழக்கமான ஊட்டத்தில் சரியாக முளைக்காது, அதற்கு வேறு ஊட்டம் வேண்டும் என்று இரண்டிலும் போடச் சொல்லி எழுதினார். முளைத்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை எல்லாருக்கும் கொடுக்கிற நான்கு மாத்திரைகளைச் சாப்பிட வேண்டும். "பேடிக்கண்டா" என்று தோளைத் தட்டினார். பயப்படாதே என்று டாக்டர் சொல்லும்போதுதான் எனக்குப் பயமே வந்தது.

மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உபயோகப்படும். ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும், ரத்தம் என்று அலறவேண்டாம். வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டும். மோர் வாசனைகூடப் பிடிக்காது. எனக்கு ரசம் ஒன்றுதான் இறங்கியது. அதையும் என் கணவர்தான் வைத்தார். உப்பு எப்போதும் ஒரு கல் கூட.

கழுத்து டிபி மூச்சால் பரவாது, குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். என் கணவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வித்யாவின் படுக்கை அடுத்த அறைக்குப் போனது. பிறகு என் தட்டும் டம்ளரும் தனியாயின. பிறகு அவள் என் அறை வாசலோடு நின்று பேச வேண்டும் என்று ஆனது. நான் சண்டை போட்டேன். அவர் கத்தவில்லை. எனக்கு ஒரே ஒரு பொண்ணுதான் என்று மட்டும் சொன்னார். எனக்கும் அவள் ஒருத்திதானே. அவளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. தலை பின்னிவிடக்கூட விடாமல் வைத்திருந்ததை நினைத்து அழுதிருக்கிறேன், பொறுத்தும் இருக்கிறேன். வேலையை விட்டுவிடு என்று அவர் தினமும் ஒரு தரம் சொல்வார். மானா பொண்ணா என்று கேட்பார். கேள்வியைப் பாருங்கள்.

மாத்திரை சாப்பிட்டும் கட்டி கரையவில்லை. பெரிதாகிப் பழுத்து ஒரு நாள் உடைந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். கீறிச் சீழை எடுத்துவிட்டு, துணித்திரியை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். தினமும் அதை உருவிப் புதிதாக வைக்கும்போது உயிர் கண்ணுக்கு வரும். பக்கத்துக் கட்டிலில் விழிஞ்ஞத்து மீன்காரி ஒருத்தி, பெயர் மேரி, நெஞ்சில் நீர் கோத்து வந்து படுத்திருந்தாள். கட்டு மாற்றுகிற நேரத்தில் தன் கையை நீட்டுவாள். நான் அதை நசுக்கிப் பிடித்துக்கொள்வேன். வலை இழுத்துக் காய்த்த கை, நீ நசுக்கி ஒன்றும் ஆகாது என்பாள். மான் கதையைக் கேட்டுவிட்டு, ஊரெல்லாம் மானைப் பார்த்துக் கண்ணழகு என்கிறது, உனக்கு மட்டும் அது கழுத்தைக் கொடுத்ததா என்று கேலி செய்வாள். அந்த வார்டில் நான் சிரித்ததெல்லாம் அவளால்தான்.

அவர் தினமும் பாங்கு முடிந்து வருவார். பிளாஸ்கில் ரசம், ஒரு ஆரஞ்சு. கட்டில் சட்டத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, ஆரஞ்சுச் சுளையில் நார் ஒன்றுகூட இல்லாமல் உரித்துக் கொடுப்பார். பேசமாட்டார். எனக்கு அந்த ஆரஞ்சு போதும். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள், அவரும் விட்டிருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வித்யாவைக் கூட்டி வந்து கீழே பலாமரத்தடியில் நிறுத்துவார். நான் ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

ஒரு நாள் டாக்டர் என் கட்டிலுக்கே வந்து விஷயத்தைச் சொன்னார். கிருமி முளைத்திருக்கிறது, வழக்கமான ஊட்டத்தில் ஏதோ பேருக்கு, மற்றதில் நன்றாக. மாட்டு டிபிதான். நான் விழுங்கிக்கொண்டிருந்த நான்கு மாத்திரைகளில் ஒன்றுக்கு இந்தக் கிருமி அசையவே அசையாது, அதன் பிறவிக் குணம் அது. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மற்றதை நீண்ட நாள் கொடுக்க வேண்டும் என்றார். மனசு லேசானது. எதிரி யார் என்று தெரிந்துவிட்டதே.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே மான்தான்னு என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். ஆரம்பிக்கவில்லை. ஆரஞ்சை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வித்யாவுக்குத் தாடைக்குக் கீழே ஒரு உருண்டை இருக்கு, லலிதா" என்றார்.

மறுநாளே டாக்டர் அவளைப் பார்த்தார். முன்கையில் ஒரு ஊசி போட்டார்கள். கிருமி உடம்புக்குள் வந்திருந்தால் அந்த இடம் தடித்துச் சிவக்கும். தடித்தது. குழந்தை எப்போதாவது மான் காப்பகத்துக்கு வந்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை. மானை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். என்னிடமிருந்து வந்திருக்குமா என்று கேட்டேன். என் நெஞ்சில் நோய் இல்லை, வர வழி இல்லை என்றார். பால், என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் இரண்டு தரம் பொங்கின கதையைச் சொன்னேன். எனக்கே அலுத்தது. குழந்தைக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் மருந்து கொடுத்து என்ன, வந்த இடத்திலிருந்து இன்னும் வந்துகொண்டுதானே இருக்கும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. மேரி தன் கஞ்சியைக் கொண்டுவந்து, நீ பட்டினி கிடந்தால் கிருமிக்குத்தான் விருந்து என்று அதட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வித்யா பலாமரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கை காட்டினாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின மலையாளப் பாட்டைப் பாடியே காட்டினாள். சாப்பிட்டியா, தலை யார் பின்னினா, என்று நான் கேட்க, அவள் கத்திக் கத்திப் பதில் சொல்ல, பாதி வார்டு ஜன்னலுக்கு வந்துவிட்டது. போகிற நேரத்தில் இரண்டு விரலை நிமிர்த்திக் காட்டினாள்.

"அம்மா, அப்பா இப்போ எனக்கு ரெண்டு உத்தரணி தீர்த்தம் தரா. நீ ஆத்துல இல்லையோன்னோ, உன் பங்கும் எனக்குத்தான்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் சாளக்கிராமத்துக்குத் தினமும் பால் அபிஷேகம். அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு நாள் தப்பினதில்லை. அபிஷேகத்துக்குப் பாலைக் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் அது சமைத்த பண்டமாகிவிடும், ஆகாது. கறந்த சூடு ஆறுவதற்குள் அபிஷேகம் செய்து, துளசி போட்டு, அந்தச் சின்னச் செப்புக் கரண்டியால் ஆளுக்கு ஒரு உத்தரணி உள்ளங்கையில் விடுவார். குடித்துவிட்டுக் கையைத் தலையில் துடைத்துக்கொள்வோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடித்திருக்கிறேன். டாக்டர் இரண்டு தரம் கேட்டபோதும் நான் பொய் சொல்லவில்லை. பால் என்றதும் எனக்கு அடுப்பும் பாத்திரமும்தான் ஞாபகம் வந்தன. தீர்த்தம் எங்கள் வீட்டில் பாலே இல்லை. அது சுவாமி அறைச் சமாசாரம். அந்த அறைக்குள் கிருமி வரும் என்று ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டின எனக்கே தோன்றவில்லை.

என்னிடமிருந்து நோய் வந்துவிடக் கூடாது என்று குழந்தையை அறை வாசலில் நிறுத்திவிட்டு, சுவாமி காப்பாற்றட்டும் என்று இரண்டு கரண்டி கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கே சொல்லவேண்டும். இன்னொரு காலை விடியக் கூடாது. ஆனால் எப்படிச் சொல்வது? வித்யாவை வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவர் மேலே வந்தார். ஆரஞ்சை எடுத்தார். பசுவிலிருந்து ஆரம்பிப்போம் என்று ஆரம்பித்தேன்.

"ஏன்னா, கௌரிக்கும் ஊசி குத்திப் பாக்கணும்."

"உங்கிட்டேருந்து அவளுக்கும் வந்துடுத்தா?"

"எங்கிட்டேருந்து இல்லை. அவகிட்டேருந்துதான் எனக்கு. எனக்கும் வித்யாவுக்கும்."

"ரெண்டு தரம் காய்ச்சறோமேடீ."

"அபிஷேகப் பாலைக் காய்ச்சலையே."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அது பாலா? அது தீர்த்தம்னா" என்றார்.

"கிருமிக்கு அது தெரியாதே" என்றேன்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படி. அவர் பாதி உரித்த ஆரஞ்சை மேஜையில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அந்த ஒரு நாளைப் போல ஒரு நாள் எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. காலையில் அவர் குளித்திருப்பார், கறந்திருப்பார், வித்யா கையை நீட்டியிருப்பாள் என்று அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். மேரியிடம் சொன்னேன். எங்கள் பூஜை விவரமெல்லாம் அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, கடவுளுக்குக் கொடுத்ததில் கை வைத்துவிட்டாய், அந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது வேண்டாமா என்றாள்.

அடுத்த நாள் வந்தார். தனியாக வரவில்லை. வித்யாவைக் கையைப் பிடித்து வார்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்தார். நர்ஸ் திட்டினாள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே என் கட்டிலுக்கு வந்து, குழந்தையைத் தூக்கி என் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் என் கழுத்துக் கட்டைப் பார்த்துத் தயங்கிவிட்டு, மடியில் தலையை வைத்துக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று. அவளிடம் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. அழுதேன்.

அவர் நின்றுகொண்டே சொன்னார். "நேத்திக்கு உத்தரணியைத் தூக்கினேன். இவ கையை நீட்டிண்டு நின்னா. என் கை வரலை." பிறகு, "இன்னிக்குப் பாலுக்கு அக்ஷதை போட்டுட்டேன்" என்றார்.

பூஜையில் ஏதாவது ஒரு பொருள் இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக இரண்டு அக்ஷதையைப் போடலாம் என்று வைத்திருக்கிறார்கள். வஸ்திரம் இல்லையா, அக்ஷதை. ஆபரணம் இல்லையா, அக்ஷதை. கொல்லையில் பசு நிற்க, சொம்பு நிறையப் பால் இருக்க, பால் இல்லை என்று அக்ஷதை போட அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கால்நடை டாக்டர் வந்து கௌரிக்குப் பரிசோதனை செய்தார். கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரைச் சிரைத்து, ஓரிடத்தில் மாட்டுக் கிருமிக்கான மருந்தும் மற்றதில் பறவைக் கிருமிக்கான மருந்தும் தோலுக்குள் ஏற்றுவார்கள். பறவைக் கிருமி பட்ட மாடுகூடச் சில சமயம் ஏமாற்றும், அதற்காக இரண்டு. மூன்றாம் நாள் தோலின் தடிப்பை அளவு காட்டும் இடுக்கியால் அளந்தார். மாட்டு மருந்து போட்ட இடம் புடைத்துக்கொண்டு நின்றது. என் கணவர்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். எங்களுக்குக் கொடுத்தது கௌரிதான் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. நானோ மானையும் தொட்டவள். ஆனால் வித்யா மானைப் பார்த்ததே இல்லை. எனக்கு அது போதும்.

மாட்டுத் தரகன் மோப்பம் பிடித்து வந்தான். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறாள், கேட்ட விலை தருகிறேன் என்றான். இன்னொரு ஆத்துக்கு இதை அனுப்பமாட்டேன் என்று அவர் அவனை வாசலோடு திருப்பிவிட்டார். நோய் கண்ட மாடுகளைத் தனியாக வைக்கிற கொட்டில் ஒன்று எங்கள் துறையின் பண்ணையில் இருந்தது. கௌரி அங்கே போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அகத்திக்கீரைக் கட்டோடு பஸ் ஏறிப் போய் வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வருவார்.

அவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் குடித்த தனக்கு ஒன்றும் வராமல் குழந்தைக்கு ஏன் வந்தது என்று டாக்டரிடம் அவர் கேட்டபோது, ஒரு பெரிய மனுஷன் கணக்கு வாத்தியாரிடம் மார்க் கேட்பது போல இருந்தது. சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார் டாக்டர். வித்யாவுக்கு மூன்று மருந்து, ஒன்பது மாதம். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து அவர் கொடுப்பார். அவளுடைய உருண்டை மெல்ல மெல்லக் கரைந்தது. என் கழுத்தில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. இப்போது சங்கிலி போட்டால் அதில்தான் வந்து உட்காருகிறது.

வேலைக்குத் திரும்பினேன். அவர் தடுக்கவில்லை. மறுபடியும் காப்பகத்தைச் சுற்றி இருந்த வீடுகளுக்குப் போனோம். பழைய கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரப்பர் எஸ்டேட் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட பேச்சியம்மாள் வீட்டில், காலையில் கறந்ததிலிருந்து பால் யார் யார் வாய்க்குப் போகிறது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்று சிரித்தாள். கன்றுக்குப் போகும், டீக்கடைக்குப் போகும், பூனைக்கு ஒரு சிரட்டை, சாமிக்குப் படைப்பதுண்டு என்று அடுக்கிக்கொண்டே வந்தவள், பெறகு அந்த மான்குட்டிக்கு என்றாள்.

நாய் விரட்டிக்கொண்டு வந்த குட்டியாம். தாயைக் காணோம். "காய்ச்சுன பாலு குட்டிக்குச் செரிக்காதுல்லா, கறந்த சூட்டுல புட்டியில ஊத்திக் குடுத்தேன். எம் புள்ளைய மாதிரி வளந்துச்சு" என்றாள். ஒரு மழைக்காலம் முழுக்க வளர்த்துக் காப்பகத்தில் கொடுத்திருக்கிறாள். அந்தப் பசு அப்புறம் இருமி இளைத்துச் செத்துப்போயிற்று. முன்னே வந்தபோது இதைச் சொல்லவில்லையே என்றேன். மாடு மானோடு மேயுமா என்றுதானே கேட்டீர்கள், மேயாதே என்றாள். அவளும் பொய் சொல்லவில்லை.

அந்தக் குட்டி நன்றாக இருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டாள். வேலியோரம் போய் நின்று குரல் கொடுத்தால் ஓடி வருமாம். எனக்கு அதைத் தெரியும். ஆள் குரல் கேட்டால் வேலிக்கு ஓடி வருகிற மான் என்று காப்பகத்தில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் செத்தது அதுதான். பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். அவளிடம் சொல்லாமலா வந்தாய் என்றார். எந்த வாயால் சொல்வது என்றேன். துடைத்துக்கொண்டிருந்த பஞ்சபாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட இப்போ வேற பசு இருக்கா?"

"இருக்கு."

"காட்டுலேருந்து இன்னொரு குட்டி வந்தா அவதானே பால் கொடுப்பா" என்றார். "ஞாயித்துக்கிழமை போலாம். நானும் வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கௌரியைப் பார்க்கப் போகவில்லை. இரண்டு பஸ் மாறிப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனோம். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுஷர், அவள் கொடுத்த பால் விடாத கட்டன் சாயாவை வாங்கி முழுசாகக் குடித்தார். நான் ஆரம்பித்தேன். கிருமி, கட்டி, ஊசி என்று எங்கெங்கோ சுற்றினேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் கொடுத்தேம்மா" என்றார். "காய்ச்சாத பாலை. இந்தக் கையால, என் பொண்ணுக்கு. நல்லதுன்னு நெனச்சுத்தான் கொடுத்தேன். அதுலேருந்துதான் அவளுக்கு வந்தது."

அவர் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேச்சியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "புள்ள இப்ப எப்படி இருக்கு சாமி?"

"மருந்து முடிஞ்சுடுத்து. நன்னா இருக்கா."

"அந்தக் குட்டி?"

அவர் என்னைப் பார்த்தார். அது போய்விட்டது என்று நான் சொன்னேன்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தொழுவத்துக்குப் போனாள். அங்கே கட்டியிருந்த செவலைப் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு எப்ப ஊசி குத்த வருவீய?" என்று கேட்டாள்.